அரிசியும் ரைஸ், எழுவதும் ரைஸ்!

தஞ்சைத் தரணி நெல் விளையும் பூமி. அங்கே பள்ளிப் பிள்ளைகள் 'ரைஸ்' என்றால் அரிசி என்று படிக்கிறார்கள். சில பாடம் தள்ளி இன்னொரு 'ரைஸ்' வருகிறது. அதற்குப் பொருள் எழுவது, உயர்வது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால், ஓசை வேறு.

அரிசியைக் குறிக்கும் ரைஸ், பாம்பு சீறுவது போல முடியும். எழுவதைக் குறிக்கும் ரைஸ், தேனீயின் ரீங்காரம் போல முடியும். சற்று நீண்டும் ஒலிக்கும். தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பார்க்கலாம். தேனீ ஓசையில் தொண்டை அதிரும். பாம்பு ஓசையில் அதிராது.

வயலைச் சுற்றியே இப்படிப் பல ஜோடிகள் உண்டு. விதைக்கும் 'சீட்', உட்காரும் இடத்துக்கும் 'சீட்'. களைக்கும் 'வீட்', கோதுமைக்கும் 'வீட்'. விதையும் களையும் 'நாடு' என்பதில் வரும் மெல்லிய ஓசையில் முடியும். இருக்கையும் கோதுமையும் 'பாட்டு' என்பதில் வரும் வல்லோசையில் முடியும்.

பண்ணைக்கு 'ஃபார்ம்'. அதற்கு வாயை நன்றாகத் திறக்க வேண்டும். ஊரார் 'பாரம்' என்று சொல்லும் படிவத்துக்கு உதட்டைக் குவிக்க வேண்டும்.

தமிழர் நாக்குக்கு இந்த ஓசைகள் வராதா? வரும். 'பம்பரம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் 'ப' ஒரு ஓசை. நடுவிலுள்ள 'ப' வேறு ஓசை. எழுத்து ஒன்றே. எங்கே எந்த ஓசை என்பதைத் தமிழில் இடமே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இடம் சொல்லாது. காதுதான் சொல்ல வேண்டும். பம்பரத்தின் முதல் 'ப'வில் தொடங்கினால் தண்ணீர் இறைக்கும் பம்ப். நடு 'ப'வில் தொடங்கினால் வண்டியைக் குலுக்கும் சாலை மேடு.

ஆகவே இது அறிவுக் குறை அல்ல, பழக்கக் குறை. பிள்ளை தவறாகச் சொன்னால் சிரிப்பது பெரிய தவறு. சிரிப்புக்குப் பயந்த பிள்ளை வாய் திறப்பதில்லை. பிறகு வேலைக்கான நேர்முகத்தில் விடை தெரிந்தும் ஊமையாக நிற்கிறது.

வெள்ளைக்காரர் தஞ்சாவூரை 'டாஞ்சோர்' ஆக்கினார்கள். அதற்காக அவர்கள் வெட்கப்படவில்லை. தமிழ்ப் பிள்ளை மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்?

வலங்கைமானில் 1869-ல் பிறந்தவர் சீனிவாச சாஸ்திரி. ஏழைக் குடும்பம். கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியரானார். பின்னாளில் அவருடைய ஆங்கிலப் பேச்சை ஆங்கிலேயரே வியந்தனர். 'வெள்ளி நாக்குப் பேச்சாளர்' என்று பெயர் பெற்றார். காவிரிக் கரையில் தமிழ் பேசி வளர்ந்த நாக்குதான் அது.

இன்று கைப்பேசி அகராதியே சொல்லை ஒலித்துக் காட்டுகிறது. பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து நாளுக்கு ஒரு ஜோடி சொல்லிப் பழகலாம். முதலில் காது பழகட்டும். பிறகு நாக்கு தானே பழகும்.

பிழையோடு பேசுகிற பிள்ளை நாளை திருத்தமாகப் பேசும். பேசவே அஞ்சுகிற பிள்ளையை யார் திருத்த முடியும்?