பேயின் வழக்கை யார் விசாரிப்பது?

அக்டோபர் பிறந்ததும் ஓடிடி தளங்களின் முகப்பு கறுப்பும் செம்மஞ்சளுமாக மாறிவிடுகிறது. பூசணிக்காய்க்குக் கண்ணும் பல்லும் வைத்து, ‘ஸ்பூக்கி சீசன்’ என்று தலைப்பிட்டு, ஒரே வரிசையில் ‘தி ஹாண்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்’ தொடரையும் ‘ஸ்திரீ’யையும் ‘பூல் புலாயா’வையும் அடுக்கி வைக்கிறார்கள். பல்கலைக்கழக வளாகங்களின் திரைப்படக் கழகங்களும் அதே நிறத்தில் சுவரொட்டி ஒட்டுகின்றன. திகில் படங்களை விரும்பிப் பார்ப்பவன் என்ற முறையில் எனக்கு இந்த வரிசையோடு ஒரு சண்டை இருக்கிறது. அதை முறையாகவே போடலாம் என்று இதை எழுதுகிறேன்.

‘ஹாலோவீன் நம் பண்பாடு இல்லை’ என்ற கூச்சலில் சேர எனக்கு விருப்பமில்லை. பேய்க்கென ஒரு பருவத்தை வகுத்துக்கொள்வது எல்லா நாடுகளிலும் மனிதர் செய்த ஏற்பாடுதான். இங்கிலாந்தில் பேய்க்கதை கிறிஸ்துமஸுக்கு உரியது. டிக்கன்ஸின் ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ 1843-இல் வந்தது. எம். ஆர். ஜேம்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர் தம் பேய்க்கதைகளைக் கிறிஸ்துமஸ் இரவுகளில் கல்லூரி நண்பர்களுக்குப் படித்துக்காட்டினார். அமெரிக்க அக்டோபரின் அடையாளமாகிவிட்ட ஜான் கார்ப்பெண்டரின் ‘ஹாலோவீன்’ (1978) தெற்குக் கலிபோர்னியாவில் வசந்த காலத்தில் படமாக்கப்பட்டது. இலையுதிர் காலத்தைக் காட்ட, வண்ணம் பூசிய இலைகளைத் தெருவில் தூவிப் படம் எடுத்துவிட்டு, அவற்றையே பொறுக்கிச் சேர்த்து அடுத்த காட்சிக்கும் பயன்படுத்தினார்கள். பருவத்தைச் செய்து கொள்வதில் குற்றமில்லை. அந்தப் பருவத்தில் என்ன நடக்கிறது என்பதே என் கேள்வி.

வங்காளத்தில் காளி பூசைக்கு முந்தைய இரவு பூத சதுர்த்தசி. தமிழ்நாட்டில் நாம் தீபாவளி கொண்டாடும் அதே சதுர்த்தசிதான். அன்று வீடுகளில் பதினான்கு விளக்கு ஏற்றுவார்கள். பதினான்கு வகைக் கீரை சமைப்பார்கள். பதினான்கு தலைமுறை முன்னோரை நினைப்பதாக அதற்கு விளக்கம் சொல்வார்கள். இறந்தவர்க்கு இருப்பவர் கடன்பட்டிருக்கிறார் என்ற எண்ணம் அந்த இரவின் அடியில் இருக்கிறது. வங்காளப் பேய்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்தால் சமூகமே தெரியும். பிராமணன் இறந்தால் பிரம்மதைத்யன். மணமான பெண் இறந்தால் சங்கு வளையலோடு அலையும் சாங்க்சுன்னி. இஸ்லாமியர் இறந்தால் மாம்தோ. சாதியும் மதமும் தாலியும் சுடுகாட்டிற்கு அப்பாலும் தொடர்கின்றன. சத்யஜித் ராய் ‘கூப்பி காயின் பாகா பாயின்’ (1969) படத்தில் அமைத்த புகழ்பெற்ற பேய் நடனத்திலும் அரசர், வெள்ளையர், தொந்தி பெருத்தோர், எளிய மக்கள் என்று பேய்கள் நான்கு வகுப்பாகவே ஆடுகின்றன.

இந்தியப் பேய்க்கதையின் அடிப்படை வடிவம் வழக்கு. நியாயம் கிடைக்காமல் இறந்த ஒருவர் திரும்பி வந்து கேட்கிறார். தமிழில் இதற்குப் பழையனூர் நீலியைவிடத் தெளிவான சான்று இல்லை. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் அவனைத் தேடி வந்து, காட்டில் வைத்துப் பழிவாங்கியிருக்கலாம். அவளோ ஊர் அவைக்குப் போகிறாள். வேளாளர் எழுபதின்மர் முன் முறையிடுகிறாள். அவர்கள் தம் உயிரைப் பிணை வைக்கிறார்கள். பேயே மன்றம் ஏறிய கதை இது. நம் மொழி அவளுக்கு என்ன செய்தது? ‘நீலிக் கண்ணீர்’ என்ற தொடரை உண்டாக்கி, கொலையுண்டவளின் அழுகையைப் பொய்யழுகைக்கு உவமையாக்கிவிட்டது. கொன்றவன் பெயரால் நம்மிடம் ஒரு பழமொழியும் இல்லை. வழக்கைத் தள்ளுபடி செய்யும் இந்தக் கலையில்தான் இன்றைய பருவகாலப் படங்கள் தேர்ச்சி பெற்றிருக்கின்றன.

ஒரு படவரிசையை எடுத்துக்கொள்வோம். ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ 1993-இல் வந்தது. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்ற ஆடல் மகளைத் தறவாட்டுக் காரணவர் கொன்றிருக்கிறார். தலைமுறைகள் கழிந்தபின் கங்கா என்ற மருமகள் அந்த நாகவல்லியாகவே தன்னை உணர்கிறாள். அப்போது தமிழ் பேசுகிறாள். படத்தில் பேய் கிடையாது, மனநோய் மட்டுமே. ஆயினும் மருத்துவர் அவளைக் குணப்படுத்தத் தேர்ந்த வழி கவனிக்கத்தக்கது. அவள் கேட்ட தண்டனை நிறைவேறுவதுபோல் ஒரு சடங்கை நடத்தி, காரணவருக்குப் பதிலாக ஓர் உருவத்தை அவள் கையால் வெட்ட விடுகிறார். கற்பனையிலேனும் தீர்ப்பு வழங்கப்படுகிறது.

அந்தக் கதை மொழிமாறிப் பயணம் செய்தது. தமிழ்ச் ‘சந்திரமுகி’யில் (2005) அவள் தெலுங்குப் பெண். இந்திப் ‘பூல் புலாயா’வில் (2007) வங்காளி, பெயர் மஞ்சுளிகா. ஒவ்வொரு மொழியும் தன் மாளிகையில் அலையும் பேயை அண்டை மொழிக்காரியாகவே கற்பனை செய்திருக்கிறது. அதில் ஒரு வரலாறும் புதைந்திருக்கிறது. செல்வமும் அதிகாரமும் உடையவர்கள் கலைப்பெண்களை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து உடைமையாக வைத்துக்கொண்ட வரலாறு. அந்த மூன்று படங்களிலும் குற்றவாளி மாளிகையின் உடைமையாளனே.

‘பூல் புலாயா 2’ (2022) வந்தபோது என்ன ஆயிற்று? மஞ்சுளிகா என்ற பெயர் எஞ்சியது. நடன மகள் காணாமல் போனாள்; அரசனின் குற்றமும் காணாமல் போயிற்று. இப்போது மஞ்சுளிகா தன் சகோதரி மீது பொறாமை கொண்டு மாந்திரீகம் செய்யும் பெண். முறையிட வந்தவள் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டாள். 2024-இல் தீபாவளி வெளியீடாக வந்த மூன்றாம் பாகம், பெண்ணுடை அணிந்து ஆடிய ஓர் இளவரசனின் சாவைத் தொடுகிறது. அது உண்மையிலேயே கனமான வழக்கு. படமோ இரண்டு மணி நேரத்திற்கு மேல் சிரிப்பு மூட்டிவிட்டு, கடைசி நிமிடங்களில் அதை எடுத்து, அவசரமாக மன்னிப்பில் முடித்து அனுப்பிவிடுகிறது.

‘ஸ்திரீ’ வரிசையைப் பெண்ணியப் படங்கள் என்று கொண்டாடும் நண்பர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. 2018-இல் வந்த முதல் படத்தில், ஆண்கள் இரவில் வெளியே செல்ல அஞ்சும் ஊர் என்ற தலைகீழாக்கம் நன்றாகவே வேலை செய்தது. மணம் செய்துகொள்ள விரும்பிய ஒரு கணிகையை ஊர் கொன்றது. எனவே குற்றவாளி ஊர். 2024 ஆகஸ்ட் 15 அன்று வந்து, இந்தியாவில் மட்டும் 500 கோடி ரூபாய்க்கு மேல் வசூலித்த இரண்டாம் படத்தில் குற்றம் முழுதும் சர்கட்டா என்ற தலையற்ற அரக்கன் ஒருவன்மேல் ஏற்றப்பட்டது. அவளைக் கொன்றதும் அவன். இன்றைய பெண்களைக் கடத்துவதும் அவன். ஊர் ஆண்கள் பெண்களை அடக்கும்போதுகூட அவன் மாயத்தில் மயங்கியே அடக்குகிறார்கள். அரக்கன் அழிந்ததும் ஊர் தூய்மையாகிவிடுகிறது. ஆணாதிக்கம் வெளியிலிருந்து வந்து பீடித்த பேய் என்று சொல்லும் கதையைவிட ஆண்களுக்கு ஆறுதலான கதை வேறென்ன இருக்க முடியும்? அடுத்த ஆண்டு தீபாவளிக்கு அதே பிரபஞ்சத்திலிருந்து ‘தாமா’ வந்தது. பேய்கள் ஒன்றுக்கொன்று விருந்தாளியாகப் போய்வரும் உலகில், எந்தப் பேய்க்கும் தன் வழக்கு முடிந்து போக வழியில்லை. முடிந்தால் அடுத்த பாகம் இல்லை.

‘பொழுதுபோக்குப் படத்தை இவ்வளவு நோண்டலாமா?’ என்று கேட்பவர்களுக்காக ஒரு செய்தியை நினைவூட்டுகிறேன். 2017 கோடையில் ராஜஸ்தான், அரியானா, டில்லி, உத்தரப் பிரதேசம் எங்கும் ‘பின்னலை வெட்டிச் செல்லும் ஆவி’ பற்றிய வதந்தி பரவியது. அந்த ஆகஸ்டில் ஆக்ரா மாவட்டத்தில் முதிய பெண் ஒருவர், பின்னல் வெட்டும் சூனியக்காரி என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். சரியாக ஓராண்டு கழித்து, 2018 ஆகஸ்டில், ‘ஸ்திரீ’ வெளியானது. அதன் உச்சக்காட்சியில் பேயின் ஆற்றல் அவள் பின்னலில் இருப்பதால் பின்னல் வெட்டப்படுகிறது. ‘ஏக் தீ டாயன்’ (2013) படத்திலும் டாயனின் ஆற்றல் பின்னலில்தான். டாயன் என்று குற்றஞ்சாட்டப்பட்ட பெண்களின் தலையை மழித்து ஊர்வலம் விடுவது வட, கிழக்கு மாநிலங்களில் மீண்டும் மீண்டும் பதிவாகியிருக்கும் கொடுமை. படம் பார்த்துவிட்டு ஒருவர் கல்லெடுத்தார் என்று நான் வாதிடவில்லை. திரையில் கைதட்டல் பெறும் சடங்கும் ஊர்ச் சந்தியில் நடக்கும் தண்டனையும் ஒரே சொல்லகராதியிலிருந்து வருகின்றன என்கிறேன்.

இதற்கெதிராகப் பீகார் 1999-இலும், ஒடிசா 2013-இலும், ராஜஸ்தானும் அசாமும் 2015-இலும் தனிச் சட்டங்கள் இயற்றின. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில் கொலைக்கான காரணங்களுள் சூனியம் என்பதற்கு இன்றும் தனி வரிசை உண்டு. டாயன் என்று தாக்கப்பட்டு, பின்னர் அதே பழிக்கு ஆளான பெண்களைக் காக்கப் போராடிய ஜார்க்கண்டின் சுட்னி தேவிக்கும், அசாமின் பிருபாலா ராபாவுக்கும் 2021-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. இவ்விருவர் வாழ்க்கையில் இருக்கும் திகிலில் நூற்றில் ஒரு பங்கையும் நம் அக்டோபர் வரிசை தொட்டதில்லை. அங்கே அச்சம் தருவது தலைகீழ்ப் பாதமுடைய பெண்ணின் வருகை. இவர்களுக்கோ அச்சம், கதவைத் தட்டும் உறவினரும் அண்டை வீட்டாரும்.

வழக்கைக் கேட்ட படங்கள் இல்லாமலில்லை. அன்விதா தத் இயக்கிய ‘புல்புல்’ (2020) சுடைலின் திரும்பிய பாதத்தை எடுத்துக்கொண்டு, அந்தப் பாதங்கள் எந்த மாளிகையில், யார் கையால் நொறுக்கப்பட்டன என்று காட்டியது. அழகூட்டும் சிவப்பு நிலவொளி அதில் எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் குற்றவாளியின் பெயர் அதில் மறைக்கப்படவில்லை. ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ (2024) ஒரு படி மேலே போயிற்று. அடிமைத்தனத்துக்குத் தப்பி ஓடிவரும் பாணன் ஒருவன் மனைக்குள் நுழைந்தால், அங்கே அச்சுறுத்துவது மனையின் தலைவனாக வீற்றிருக்கும் உருவம். 2025-இல் வந்த ‘கௌஃப்’ தொடர் டில்லியின் பெண்கள் விடுதி ஒன்றில் நிகழ்கிறது. அதில் அறைக்குள் இருக்கும் ஆவிக்கும் பேருந்தில் உரசும் கைக்கும் இடையே தொலைவு மிகக் குறைவு. இவற்றுள் எதுவும் பூசணிக்காய் காலத்தில் வந்ததில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுலகத்தின் பங்கையும் பேசியாக வேண்டும். ‘மணிச்சித்திரத்தாழ்’ வந்த அதே 1993-இல் தெரிதாவின் ‘மார்க்ஸின் ஆவிகள்’ பிரெஞ்சில் வெளியாயிற்று. ‘ஹாண்டாலஜி’ என்ற சொல் அங்கிருந்து புறப்பட்டு நம் கருத்தரங்குகளின் வாசற்படிவரை வந்துவிட்டது. தெரிதா பேயை நீதியோடும் கடனோடும் இணைத்தே பேசினார். நாமோ நீதியை விட்டுவிட்டுப் பேயை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு படத்தின் ஒலியமைப்பில் ‘இன்மையின் இருப்பு’ எப்படி ஒலிக்கிறது என்று இருபது பக்கம் எழுதுகிறோம். அந்தப் படம் டாயன் என்று அழைக்கும் பெண் எந்தச் சாதி, யாருடைய நிலத்தில் குடியிருந்தாள் என்று இரண்டு வரி எழுத மறந்துவிடுகிறோம். விதவையின் நிலத்தைக் கைப்பற்ற அவளைச் சூனியக்காரி ஆக்குவது பலமுறை ஆவணமாகியிருக்கும் நாட்டில், பேயை வெறும் உருவகமாக வாசிப்பது வசதியுள்ளவர்களின் வாசிப்பு.

திரைப்படக் கழகம் நடத்தும் மாணவ நண்பர்களுக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. பேய்ப் படம் திரையிடுங்கள், அலறி மகிழுங்கள், பூசணிக்காயும் இருந்துவிட்டுப் போகட்டும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்தப் பேய் எப்படி இறந்தது? அதற்குப் பொறுப்பானவர் யார்? படம் முடியும்போது அவர் எங்கே இருக்கிறார்? மூன்றாவது கேள்விக்கு ‘மாளிகையில், குடும்பத்தோடு, சிரித்துக்கொண்டு’ என்பது விடையானால், அந்தப் படத்தை அடுத்த ஆண்டுப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ‘பிரமயுக’த்தைப் போடுங்கள்.