நீக்கச் சொன்ன நிரல் யாருடையது?

கணினி இனங்காண மறுத்த ஒரு சிறிய மின்னணுப் பலகையால் எனக்கு நான்கு நாட்கள் வீணாயின. அதில் பெரிய வருத்தமில்லை. அதை நான் சரிசெய்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

பலபொருள் ஒருசொற்களைத் தமிழ் வாசகர் எவ்வளவு விரைவில் உணர்கின்றனர் என்பது என் ஆய்வின் ஒரு பகுதி. 'படி' என்ற சொல் திரையில் தோன்றியதும் பங்கேற்பாளர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; இடைப்பட்ட நேரத்தை மில்லிநொடிக் கணக்கில் அளக்க வேண்டும். விசைப்பலகையின் தாமதம் சீராக இராது என்பதால் ஆர்டுயினோ வகைப் பலகை ஒன்றை வாங்கி, இரு பொத்தான்களை இணைத்து, ஹைதராபாத்தில் எங்கள் ஆய்வகத்தின் பொதுக் கணினியில் செருகினேன். லினக்ஸில் இயங்கும் கணினி அது. பலகையில் விளக்கு எரிந்தது. கணினியோ அப்படியொன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

முதற் பழி கம்பியுடையது. வழக்கமான யுஎஸ்பி 2.0 கம்பிக்குள் நான்கு இழைகள்: இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. மின்னேற்றத்துக்கென்றே செய்யப்படும் மலிவுக் கம்பிகளில் தரவிழைகள் இருப்பதில்லை. விளக்கு எரிவதால் நாம் ஏமாறுகிறோம். கம்பியை மாற்றினேன். இப்போது பலகை ஒரு கணம் தோன்றி மறைந்தது.

கெர்னல் பதிவைத் திறந்து பார்த்தால், பலகையிலுள்ள சிஎச்340 சில்லைக் கணினி சரியாகவே அறிந்திருக்கிறது. மறுகணமே பி.ஆர்.எல்.டி.டி.ஒய் என்னும் நிரல் அவ்விணைப்பைப் பறித்துக்கொண்டிருக்கிறது. இணையத்தில் தேடினேன். நான் கண்ட விடைகள் பெரும்பாலும் ஒன்றையே கூறின: அந்த நிரலை நீக்கு. ஒரு வரிக் கட்டளை. இட்டேன். பலகை உயிர்பெற்றது, மகிழ்ந்து தேநீர் அருந்தப் போனேன்.

எங்கள் துறையில் பார்வையற்ற இளைய ஆய்வாளர் ஒருவர் இருக்கிறார். அதே கணினியில் தம் பிரெய்ல் காட்சிக் கருவியைப் பொருத்தித் தமிழ்ச் சொற்றொகுப்பைச் செப்பம் செய்கிறார். நாற்பது கட்டங்களில் ஊசிமுனைகள் எழுந்து தாழ, விரலால் வரியைப் படிப்பார். திரைவாசிப்பானின் குரல் இப்பணிக்குப் போதாது. நகரமும் னகரமும் காதில் ஒன்றாகவே ஒலிக்கும், விரலுக்கோ அவை வெவ்வேறு எழுத்துகள். அந்த வாரம் அவர் கருவி திடீரென ஊமையாயிற்று. கருவி பழுதாகிவிட்டது என்றெண்ணி, அதை வெளியூருக்கு அனுப்பிப் பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று மூன்று நாட்களாக விசாரித்துக்கொண்டிருந்தார். அதை அவர் சொல்லக் கேட்ட பிறகே, நான் நீக்கியது எது என்று படித்துப் பார்த்தேன். பிரெய்ல் காட்சிக் கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் நிரல் அது.

இரண்டும் மோதியது ஏன்? யுஎஸ்பி கருவி ஒவ்வொன்றும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என இரண்டைக் கணினிக்குச் சொல்கிறது. சிஎச்340 சில்லின் பொருள் எண் 7523. அதே சில்லின் எண்ணைச் சொல்லும் பிரெய்ல் கருவியும் உண்டு. ஆக, எண் சொல்வது சில்லின் பெயரையே. அதற்குப் பின்னால் நிற்கும் கருவியின் பெயரையன்று. உறையின்மேல் அனுப்பியவர் பெயரை விட்டு அஞ்சல்காரர் பெயரை எழுதியது போல. சூழலின்றிப் பொருள் விளங்காத பலபொருள் ஒருசொல்லைக் கணினியும் சந்தித்திருக்கிறது. ஆய்வுப்பொருளே வந்து வழிமறித்தும் எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

எண்ணைக் கண்டவுடன் தன்னுடையது என்று பாய்வது அந்த நிரலின் குறையல்லவா என்று கேட்கலாம். ஓரளவு குறைதான். ஆனால் அது ஏன் கேளாமலே பாய்கிறது? "எந்தக் கருவி இது?" என்று திரையில் கேட்டால், பிரெய்ல் கருவி இயங்கத் தொடங்கும்முன் அக்கேள்வியைப் பயனர் படிப்பது எப்படி? நமக்கு அத்துமீறலாகத் தோன்றுவது அவருக்குக் கதவு.

விடை எழுதியோர் தீயவர் அல்லர். அவர்களின் இலக்கணத்தில்தான் என் குறை. 'நீக்கு' என்னும் ஏவலில் ஒரு 'நீ' மறைந்திருக்கிறது. அந்த 'நீ' தனக்கெனத் தனிக் கணினி உடையவர், பார்வை உடையவர். இவ்விரண்டும் எங்கும் சொல்லப்படவில்லை, சொல்லத் தேவையென்று எவருக்கும் தோன்றவுமில்லை. முன்னனுமானம் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதிய நானும் அந்த 'நீ'யாகவே நின்று கட்டளையிட்டேன். 'இது பார்வையற்றோருக்கான நிரல்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என் விரல் தயங்கியிருக்கும். தீர்வு மட்டும் எழுதி, எதை இழந்து அத்தீர்வு என்பதை எழுதாமல் விடும் பழக்கம் நம் ஆய்வேடுகளின் முறையியல் இயல்களிலும் உண்டு. என் வரைவில் அந்த நான்கு நாட்கள் "மறுமொழி நேரம் பொத்தான்கள்வழி பதிவுசெய்யப்பட்டது" என்ற ஒற்றை வாக்கியமாகியிருந்தன. மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரியான திருத்தம் சிறியது. நிரலை மீண்டும் நிறுவி, எந்த எண்ணுக்கு அது விழிக்க வேண்டும் என்று கூறும் விதிக்கோப்பில் 7523க்குரிய ஒரு வரியை மட்டும் செயலிழக்கச் செய்தேன். அவர் கருவியின் எண் வேறு. ஆகவே அது இயங்குகிறது, என் பலகையும் இயங்குகிறது. அந்தப் பிரெய்ல் கருவியோடு நாளை ஒருவர் வந்தால் அவ்வரியை மீட்க வேண்டும். அதை விளக்கமாக எழுதிக் கணினியின்மேல் ஒட்டிவிட்டு, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, குறிப்பைப் பற்றியும் சொன்னேன்.

சிரித்தார். "காகிதத்தில எழுதி ஒட்டியிருக்கீங்க, நான் எப்படிக்கா படிக்கிறது?"

இப்போது அக்குறிப்பு கணினியின் முகப்பிலேயே ஒரு கோப்பாக இருக்கிறது. முதல் பிழைதிருத்தம் அவருடையது: ஒரு னகரம்.