கீரையில் நஞ்சு, பழி மட்டும் நமக்கா?



கறிவேப்பிலையில் நஞ்சு, மல்லித்தழையில் நஞ்சு, புதினாவில் நஞ்சு என்று அடிக்கடி ஒரு கூக்குரல் எழும்புகிறது. 2015ஆம் ஆண்டில் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை, தமிழ்நாட்டுக் காய்கறிகளில் பூச்சிமருந்து அளவுக்கு மீறி இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாடு அரசு மறுத்தது. அந்தச் சச்சரவுக்குப் பிறகு கோவிந்தாபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டி வரும் கீரைக்கட்டெல்லாம் சிலர் வாயில் 'பாண்டி விஷம்' ஆகிவிட்டது.

சரி, அந்தக் கீரையைத் தின்று வாந்தியும் பேதியுமாகக் கிடப்பவர்கள் யார்? முதலமடை மாந்தோப்புக் கொட்டகைகளில் குடியிருக்கும் நம் குடும்பங்களும்தானே? புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள் என்கிறார்கள். கழுவுவது நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் செடிக்குள்ளேயே ஊறிவிடும் மருந்தை எந்தப் புளி கழுவும்?

நஞ்சுக்கு மொழியுமில்லை, எல்லையுமில்லை. 1958இல் இதே கேரளத்தில் நூறு பேருக்கு மேல் மாண்டார்களே, அந்த மாவைத் தமிழனா அனுப்பினான்? கப்பலில் உணவுச் சரக்கோடு சேர்த்து ஏற்றிய ஃபாலிடால் பூச்சிமருந்து கசிந்து கோதுமை மாவில் கலந்ததால் வந்த சாவு அது. நீதிபதி ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் வைத்தார்கள். பூச்சிமருந்துச் சட்டம் வர 1968 ஆயிற்று. பத்தாண்டுகள்!

இன்று சட்டம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம், 65ஆம் பிரிவு. கெட்ட உணவால் உயிர் போனால் 5 லட்சம் ரூபாய்க்குக் குறையாத இழப்பீடு, கொடுங்காயமென்றால் 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை. ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். சாவென்றால் முப்பது நாளில் இடைக்கால உதவி. இதைக் கங்காணி நம்மிடம் சொல்லியிருக்கிறானா? ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று இரண்டாயிரத்தை நீட்டி, வெள்ளைத்தாளில் ரேகை வாங்கிக்கொண்டு போவதுதான் அவன் அறிந்த சட்டம். அந்தத் தாளில் கைநாட்டு வைக்காதீர்கள்.

"காசு கொடுத்து வாங்கவில்லையே, ஒப்பந்தக்காரர் ஆக்கிப் போட்ட சோறுதானே" என்று சிலர் தயங்குகிறார்கள். நுகர்வோர் நீதிமன்றத்தில் அந்தத் தடை எழலாம். அங்கே விலை கொடுத்தவருக்கோ, அவர் சம்மதத்தோடு அதைப் பயன்படுத்தியவருக்கோதான் வழக்கு. ஆனால் உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவை வாங்குகிறவரை மட்டுமல்ல, பெறுகிறவரையும் நுகர்வோர் என்கிறது. விற்றவன் மட்டுமல்ல, விநியோகித்தவனும் பொறுப்பு. கொட்டகைச் சோறும் இதில் அடங்கும் என்று துணிந்து வாதாடலாம்.

இன்னொன்று. இந்தச் சட்டம் விவசாயியைத் தொடுவதில்லை. விளைபொருள் விவசாயி கையை விட்டு வியாபாரி கைக்கு வந்த பிறகுதான் அது சட்டத்தின் கண்ணில் உணவு. ஒட்டன்சத்திரத்துக் குடியானவனைத் திட்டித் தீர்க்கும் பெரிய மனிதர்கள், பக்கத்துத் தெரு மொத்த வியாபாரியிடம் மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

சட்டத்தில் ஓட்டையும் உண்டு. 40ஆம் பிரிவின்படி கீரையை நாமே கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். குற்றம் தெரிந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் வாங்கும்போதே கடைக்காரரிடம் அதைச் சொல்லிவிட வேண்டுமாம்! நாளை வயிறு வலிக்கும் என்று இன்றே யாருக்குத் தெரியும்? ஆகையால் நோய் கண்டவுடன் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, மாதிரி எடுக்கச் சொல்லி நெருக்க வேண்டும். மிச்சக் கீரையைக் கொட்டிவிடாமல் மூடி, குளிர்ச்சியாக வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் வெறும் 'வயிற்றுக்கோளாறு' என்று எழுதினால் விடாதீர்கள். என்ன தின்றோம், எத்தனை பேர் விழுந்தோம் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். கடைச் சீட்டும் வேண்டும். ரயில்வேயில் ரசீது இல்லாத பார்சலுக்கு எந்தக் குமாஸ்தாவும் பதில் சொல்ல மாட்டான். என் அனுபவம் இது.

காசு கொடுத்து வாங்கியதென்றால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. கீரைக்கட்டுக்கு யார் 5 லட்சம் கொடுக்கப் போகிறார்கள்! யோசனை கேட்க 1915 என்ற எண். வக்கீல் வேண்டுமென்றால் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. எனவே மனுவைத் தாய்மார்கள் பெயரில் போடுங்கள்.

வழக்கு நமக்கெதற்கு என்பவர்கள் காசர்கோட்டைப் பார்க்கட்டும். எண்டோசல்பான் பாதிப்புக்கு ஆளுக்கு 5 லட்சம் கொடுக்க உச்சநீதிமன்றம் 2017 ஜனவரியில் உத்தரவிட்டது. ஐந்தாண்டு கழித்து 2022இல் அதே நீதிமன்றம் அரசைக் கண்டித்தபோது, பட்டியலில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருக்க, பணம் கிடைத்திருந்தது நீதிமன்றப் படியேறிய எட்டுப் பேருக்கு!

ஆகவே நமது கோரிக்கை இது: கொட்டகைக்கு வரும் காய்கறிக்கு ஒப்பந்தக்காரர் சீட்டு வைத்திருக்க வேண்டும், மாம்பழப் பருவத்தில் கொட்டகைச் சமையலிலிருந்து அதிகாரிகள் மாதிரி எடுக்க வேண்டும், சிற்றூர் வட்டத்துத் தமிழரின் தமிழ் மனுவை, மலையாளத்தில் எழுதி வா என்று திருப்பாமல் வாங்கி, முத்திரையிட்ட ரசீது தர வேண்டும்.