பழைய கார் வாங்குமுன் கொஞ்சம் குனிந்து பாருங்கள்

வாகனமோட்டும் உரிமம் கைக்கு வந்ததும், கல்லூரிக்குப் போய்வர ஒரு பழைய கார் வேண்டும் என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்கிவிடுகிறது. பெற்றோர் விலையையும் மாதத் தவணையையும் பார்க்கிறார்கள். பிள்ளைகள் நிறத்தையும் ஸ்போர்ட்ஸ் ரிம்மையும் பார்க்கிறார்கள். காரின் அடியில் குனிந்து பார்ப்பவர்கள் குறைவு.

"ஏர்பேக் இருக்கிறது, ஏபிஎஸ் இருக்கிறது. அப்சோர்பர் கொஞ்சம் சத்தம் போட்டால் என்ன?" என்று கேட்கும் இளையோர் உண்டு. பாதுகாப்பு வசதி வேறு, சஸ்பென்ஷன் வேறு என்று நினைப்பதால் வரும் கேள்வி இது.

சஸ்பென்ஷன் சொகுசுக்காக மட்டும் இல்லை. மேடு பள்ளத்திலும் டயரைத் தரையோடு ஒட்டி வைத்திருப்பது அதன் முக்கிய வேலை. அப்சோர்பர் தேய்ந்தால் டயர் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிமானம் குறைவு. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் ஏபிஎஸ் தடுக்கிறது. வளைவில் கார் வழுக்காமல் இஎஸ்சி காக்கிறது. இரண்டுமே அந்தப் பிடிமானத்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. அடைமழையில் நெடுஞ்சாலையில் திடீரென பிரேக் போடும்போது இது புரிந்தால், காலம் கடந்திருக்கும். அழகுக்காக ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்களை ஒதுக்கிவிடுவதே நல்லது.

2011-இல் தொடங்கிய ஆசியான் என்கேப் வழங்கும் நட்சத்திரங்கள் புதிய கார்களைச் சோதித்துக் கொடுக்கப்பட்டவை. பத்து ஆண்டு ஓடிய காரின் இன்றைய நிலையை அவை சொல்லமாட்டா. மலேசியாவில் புதிதாக அறிமுகமாகும் மாடல்களுக்கு இஎஸ்சி கட்டாயமானது 2018-இல்தான். எனவே ஆண்டையும் ரகத்தையும் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

காக்க வேண்டிய கருவியே உயிரைப் பறித்ததும் உண்டு. 2014-இல் சரவாக்கில் தக்காத்தா ஏர்பேக் வெடித்துச் சிதறியதில் ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். பழுதான இந்த ஏர்பேக்குகளைக் கார் நிறுவனங்கள் இலவசமாக மாற்றித் தருகின்றன. வாங்கவிருக்கும் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அது மாற்றப்பட்டுவிட்டதா என்று கேளுங்கள்.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. காரின் நான்கு மூலைகளையும் அழுத்தி விடுங்கள். மீண்டும் மீண்டும் ஆடினால் அப்சோர்பர் தேய்ந்திருக்கலாம். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா, அப்சோர்பரில் எண்ணெய்க் கசிவு உண்டா என்று பாருங்கள். டயரில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும் சந்தேகப்படுங்கள். பிறகு, விற்பவருக்குத் தொடர்பில்லாத பட்டறையில் காரைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழுது தெரிந்தால் அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம், அல்லது வேறு கார் தேடலாம். ஸ்போர்ட்ஸ் ரிம்மைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். வார இறுதியில் அந்தக் காரில் உங்களோடு ஊர் திரும்பப்போகிறவர்கள் உங்கள் நண்பர்கள். கையெழுத்துப் போடுமுன் அவர்களையும் நினைத்துப் பாருங்கள்.