நாடாக் கயிறும் நம் பண்பாடும்

பண்பாடு என்னும் பெயரால் நாம் எதையெல்லாம் பெண்ணின் இடுப்பில் இறுக்கிக் கட்டி வைத்திருக்கின்றோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நாகைக் கடற்கரையில் மீன்கூடை சுமந்தும், காவிரிக் கடைமடை வயல்களில் நாள் முழுதும் குனிந்து நாற்று நட்டும் முதுமை எய்திய தாய்மார் பலருக்கு, வெளியே சொல்ல முடியாத ஒரு துன்பம் உண்டு. ஊர்வழக்கில் அதனை ‘அடி தள்ளுதல்’ என்பர். மருத்துவர் ‘கருப்பை இறக்கம்’ என்பர். இடுப்புக் கூட்டின் அடித்தளத் தசைகள் தளர்ந்து, கருப்பையும், சிலருக்குச் சிறுநீர்ப்பையும் மலக்குடலும், பிறப்புவழி நோக்கிச் சரிந்துவிடுகின்றன. பல பேறுகள், பேறு முடிந்த சின்னாட்களிலேயே சுமந்த சுமை, ஓயாத இருமல், நாட்பட்ட மலச்சிக்கல், மூப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். தமிழகத்துப் பெண்கள் இந்நோயோடு வாழும் வாழ்வை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிந்து, சுந்தரி ரவீந்திரன், சாவித்திரி, பவானி ஆகிய மூவர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதன்பின் கால் நூற்றாண்டு கடந்தும் நம் வீடுகளில் இப்பேச்சு அடுக்களையைத் தாண்டவில்லை.

நாம் இங்கு வாதிட வந்தது மருந்தைப் பற்றியன்று, உடையைப் பற்றி. உடை இந்நோயை உண்டாக்குவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். ஆனால் உண்டான வேதனையைக் கூட்டவும் குறைக்கவும் அதனால் இயலும். ஐந்தரை மீட்டர் சேலையின் கொசுவம் அத்தனையையும் உள்பாவாடையின் நாடா ஒன்றே தாங்கவேண்டும். அதுவோ ஒரு விரல் அகலம்கூட இல்லாதது. அவிழாதிருக்க அதை இறுக்கியாக வேண்டும். வயிற்றை இறுக்கினால் உள்ளிருக்கும் அழுத்தம் கீழ்நோக்கித்தானே செல்லும்? தளர்ந்த தசையின் மேல் அது விழுகிறது. காலையில் இலேசாக இருந்த கனம், மாலையில் நடக்கவொட்டாத இழுப்பாகிறது. நயிலான் சேலையும் செயற்கை இழை உள்ளாடையுமாயின், கடலோரப் புழுக்கத்தில், உரசி உரசிப் புண்ணும் ஆகிறது.

நாடாவைப் பற்றி நாம் மிகைப்படுத்துகின்றோம் என்பார் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வோம். வார்தாவிலும் பீகாரின் மதுபனியிலும் பணிபுரியும் மருத்துவர்கள், பல்லாண்டு இறுக்கிக் கட்டியதால், ஒருவருக்கு உள்பாவாடையாலும் மற்றவருக்கு உள்பாவாடையின்றிக் கட்டிய சேலையாலும், இடுப்பில் ஆறாப் புண் உண்டாகி, அதுவே தோல் புற்றாக மாறிய இரு முதிய பெண்களைப் பற்றி 2024-இல் பிரித்தானிய மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினர். அது வேறு நோய்தான். ஆயினும் இறுக்கம் அதே இறுக்கம்.

“இது நம் முன்னோர் உடை, மாற்றலாமா?” என்று கேட்போர், எந்த முன்னோரைச் சொல்கிறார்கள்? இவ்வயல்களில் உழைத்த பாட்டிமார் பின்கொசுவம் வைத்துச் சேலையையே சுற்றிச் செருகிக் கட்டினர். துணியின் அகன்ற மடிப்பே இடுப்பைப் பிடித்தது. தைத்த உள்பாவாடையும் நாடாவும் பரவியது ஐரோப்பியர் ஆட்சிக் காலத்தில்தான். நேற்று வந்த கயிற்றுக்கு வேதத்தின் மதிப்பளித்துவிட்டு, பாட்டியின் கட்டை மறந்துபோனோம்!

இதைவிட வேடிக்கை நைட்டியின் கதை. இடுப்பில் எதுவுமே கட்ட வேண்டாத அவ்வுடையைத் தாய்மார் தாமாகவே கண்டுகொண்டனர். வாசலுக்கு வருகையில் தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டனர். உடனே நகையாடத் தொடங்கினோம். ஆந்திரத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்துத் தோகலப்பள்ளியில் 2018-இல் ஊர்ப் பெரியவர்கள், பகலில் நைட்டி அணிந்தால் 2,000 ரூபாய் தண்டம், காட்டிக்கொடுத்தால் 1,000 ரூபாய் பரிசு என்று விதித்தனர். நாகையில் அப்படித் தண்டம் இல்லை என்று நாம் பெருமைப்பட வேண்டாம். வாசகம் வாசிக்கவும் மறைக்கல்வி கற்பிக்கவும் வரும் பெண் சேலையில்தான் வரவேண்டும் என்னும் எழுதாச் சட்டம் எத்தனை பங்குகளில் இன்னும் நிலவுகிறது! தமிழக அரசு 2019-இல் தன் தலைமைச் செயலகப் பெண் பணியாளருக்குச் சேலையோடு துப்பட்டா அணிந்த சுடிதாரையும் ஏற்றுக்கொண்டது. கடைகளில் நின்றே வேலை செய்வோர்க்கு இருக்கை வேண்டுமென 2021-இல் சட்டத் திருத்தமும் கொண்டுவந்தது. கோட்டைக்கு உள்ள இரக்கம் கோயிலுக்கு இருக்கக் கூடாதா?

செய்யத்தக்கது பெரிதன்று. நாடாவுக்குப் பதிலாக நான்கு விரல் அகலப் பட்டி வைத்துக் கொக்கியிட்ட உள்பாவாடை. அல்லது இரவிக்கையோடு சேர்த்துத் தைத்துத் தோளிலிருந்து தொங்கும் பாவாடை. தளர்ந்த பருத்தி உள்ளாடை. வேண்டுவோர்க்குத் தொளதொளப்பான சுடிதார். மெல்லிய பருத்திச் சேலையாயின் கொசுவத்தின் கனமும் குறையும். பேறு முடிந்த பெண்ணின் வயிற்றைத் துணியால் முறுக்கிக் கட்டும் வழக்கத்தைப் பற்றியும் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தல் நலம். இவற்றோடு, அடித்தளத் தசைக்கான பயிற்சியும், உள்ளே பொருத்தும் வளையமும், தேவையாயின் அறுவை மருத்துவமும் இந்நோய்க்கு உண்டு என்பதைத் தாய்மார் அறிய வேண்டும். வெட்கத்தால் பொறுத்துக்கொள்வது புண்ணியமன்று.

நம் பங்குகள் பலவற்றில் தையல் வகுப்புகள் நடைபெறுகின்றன. அங்கே பயிலும் இளம்பெண்கள் இரவிக்கைக் கழுத்தில் காட்டும் நுணுக்கத்தை ஒரு வாரம் பாவாடைப் பட்டியில் காட்டட்டும். திருவிழாவுக்கு அன்பியப் பெண்களுக்கு ஒரே நிறச் செயற்கை இழைச் சேலை எடுப்போர், எடுக்கும் முன் அவர்களையே ஒருமுறை கேட்கட்டும். ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும் முன்பே சாலையெங்கும் நடந்துவரும் பெண்களில், சொல்லாமல் இந்நோயைச் சுமந்து வருவோரும் இருப்பர். அவர்களுள் ஒருத்தி தளர்ந்த உடையில் வந்து நின்றால், வாசலில் நிற்கும் தொண்டர் அவளுடைய உடையைப் பார்த்து முகம் சுளிக்காமல் அமர ஓர் இடம் காட்டட்டும்.