டெல்லி மந்திர் மார்க்: மதியம் தணியும் காற்று மாசு, ராத்திரி ஏன் ஏறுகிறது?

டெல்லித் தமிழர்களுக்கு மந்திர் மார்க் பழக்கமான சாலை. பிர்லா மந்திரும், டெல்லி தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் இங்கேதான் இருக்கின்றன. டெல்லி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுவின் காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையமும் இதே சாலையில் உண்டு.

குளிர்காலத்தில் அதன் மணிவாரிப் பதிவுகளைப் பார்த்தால், பெரும்பாலான நாட்களில் ஒரே கதைதான். பிஎம் 2.5 நுண்துகள் பிற்பகலில் குறையும், மாலைக்குப் பிறகு ஏறும், காலை வரை இறங்காது. மதியம் வண்டிகள் ஓடலையா என்ன? ஓடுகின்றன. அப்புறம் எப்படி?

மேலே ஒரு மூடி

தரையிலிருந்து கிளம்பும் புகை எவ்வளவு உயரம் வரை காற்றோடு கலக்க முடியுமோ, அதற்குக் 'கலப்பு உயரம்' என்று பெயர். பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. தரையை ஒட்டிய காற்று சூடாகி மேலே கிளம்ப, மேலே உள்ள காற்று கீழே இறங்குகிறது. இந்தக் கொந்தளிப்பில் புகையும் மேலே போய்ப் பரவிவிடுகிறது.

சூரியன் மறைந்ததும் தரை வேகமாகக் குளிர்கிறது. குளிர்ந்த கனமான காற்று கீழேயே தங்க, அதற்கு மேல் சற்றுச் சூடான காற்று மூடி போல உட்கார்ந்துவிடுகிறது. ஒரே அளவு புகை 1,000 மீட்டர் உயரத்துக்குப் பரவுவதற்குப் பதிலாக 200 மீட்டருக்குள் அடைபட்டால், அதன் அடர்த்தி 5 மடங்காகும். புகை கூடாமலேயே மாசு கூடுவது இப்படித்தான்.

கடலில் இது தலைகீழ்

வங்கக் கடல் போன்ற வெப்பமண்டலக் கடல்களிலும் இதே தினசரிச் சுழற்சி உண்டு, ஆனால் நேர் எதிராக. காற்று அடியிலிருந்து சூடாகிறது, கடல் மேலிருந்து சூடாகிறது. பகலில் சூடான லேசான நீர் மேலேயே மிதப்பதால் கலப்பு குறைகிறது. இரவில் மேல்நீர் குளிர்ந்து, கனத்து, கீழே இறங்கும்போதுதான் கலப்பு வேகமெடுக்கிறது. அதாவது, கடல் கலங்கும் நேரத்தில் டெல்லியின் காற்று அசையாமல் கிடக்கிறது.

இதை அரசு கவனிக்கிறதா?

கவனிக்கிறது. 2018 முதல் டெல்லிக்குக் காற்றுத் தர முன்னெச்சரிக்கை தரப்படுகிறது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் இதை உருவாக்கியது. கலப்பு உயரத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கி வரும் எண்ணையும் அது கணிக்கிறது. அந்த எண் வினாடிக்கு 6,000 சதுர மீட்டருக்குக் கீழே இருந்து, காற்றும் மணிக்கு 10 கி.மீ.க்குக் குறைவாக வீசினால் மாசு கலையாது என்று பொருள்.

ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தினமும் மாலை 4 மணி நிலவரமாக வெளியிடும் காற்றுத் தரக் குறியீடு, 24 மணி நேரச் சராசரி. மதியத்தின் தணிவும் நள்ளிரவின் உச்சமும் அதில் கரைந்துபோகின்றன.

விதிகளிலும் இதே சிக்கல். நெரிசலைக் குறைக்க, கனரக லாரிகள் பெரும்பாலும் இரவில்தான் டெல்லிக்குள் அனுமதிக்கப்படுகின்றன. மூடி தாழ்ந்திருக்கும் நேரமும் அதுதான். 2025 தீபாவளிக்கு டெல்லியில் பசுமைப் பட்டாசு வெடிக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்த நேரம் காலை 6–7, இரவு 8–10. பட்டப்பகலில் மத்தாப்பு கொளுத்தினால் யார் ரசிப்பார்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் அந்தப் புகை கலைய வழியில்லாத நேரத்தில்தான் கிளம்புகிறது.

சென்னைக்கு இது பொருந்துமா?

கடற்காற்று இருப்பதால் சென்னையின் நிலை இவ்வளவு மோசமில்லை. ஆனால் போகி அன்று விடியலில் எரிப்பதும் மூடிக்குள்தான். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களைத் தடுமாற வைத்தன.

அப்போ வானிலைதான் குற்றவாளியா?

இல்லை. மூடி புகையை உண்டாக்குவதில்லை, அடைத்து வைக்கிறது, அவ்வளவே. வண்டி, தொழிற்சாலை, குப்பை எரிப்பு, கட்டுமானத் தூசி, பயிர்த்தாள் எரிப்பு ஆகியவை குறையாமல் தீர்வு இல்லை. ஆனால் எதை எந்த நேரத்தில் கட்டுப்படுத்தினால் அதிகப் பலன் என்பதைக் கலப்பு உயரம் சொல்லும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

குளிர்காலத்தில் டெல்லியில் இருப்பவர்கள் நாள் சராசரியை மட்டும் நம்பாமல், அருகிலுள்ள நிலையத்தின் மணிவாரி அளவைப் பாருங்கள். விடியற்காலை நடைப்பயிற்சியை வெயில் ஏறிய பிறகு வைத்துக்கொள்வது நல்லது. பள்ளிகளும் காலை விளையாட்டு வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றலாம். மூடுபனி விலகாத நாட்களில் மதியமும் மூடி எழும்பாது. அன்று இந்தக் கணக்கு செல்லாது, வெளியே ஓடியாடாமல் இருப்பதே பாதுகாப்பு.