நூற்றைம்பது தடவை பணிப்பெண்



சினிமா நடிகையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். இம்மாதம் நான் சொல்லப்போகும் நடிகை பதினெட்டு வருடங்கள் சமூகப்பணியாளராக வேலை செய்தவர். அதே தொழிலில் இருப்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். லூப்பே ஒன்டிவேரோஸ் என்பது அவரது பெயர்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிக்கோ எல்லையோரம் உள்ள எல் பாசோ நகரில் 1942ஆம் ஆண்டு பிறந்தார். மெக்சிக்கோவிலிருந்து குடிபெயர்ந்து வந்த பெற்றோர் மூன்றாம் வகுப்புடன் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். சோள ரொட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றையும் இரண்டு சாப்பாட்டுக் கடைகளையும் அவர்கள் நடத்தினார்கள். மகள் பல்கலைக்கழகம் சென்று உளவியலும் சமூகப்பணியும் படித்தார். திருமணத்தின் பின் கணவருடன் கலிபோர்னியாவுக்கு வந்தார். மூன்று ஆண்பிள்ளைகள். சமூகப்பணியில் சலிப்புத் தட்டி, தாதியர் படிப்புக்குப் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நாட்களில், படப்பிடிப்பில் கூட்டத்தோடு நிற்க ஆட்கள் தேவை என்ற செய்தி அவரது கண்ணில் பட்டது. போகச் சொல்லி உற்சாகப்படுத்தியவர் கணவர்தான்.

ஹொலிவூட் அவருக்குக் கொடுத்தது பணிப்பெண் வேடம். திரும்பத் திரும்ப அதே வேடம். மேடையிலும் திரையிலுமாக 150 தடவைக்கு மேல் பணிப்பெண்ணாக நடித்ததாக அவரே கணக்குச் சொன்னார். நடிகர் தெரிவுக்குப் போய் நல்ல ஆங்கிலம் பேசினால் வேடம் கிடைக்காது என்றும் சொல்லியிருக்கிறார். அந்த நாட்டிலேயே பிறந்து, அங்கேயே பட்டம் பெற்ற பெண், பிழைப்புக்காகத் தன் சொந்த மொழியைத் தெரியாதவர் போலப் பேசிக்காட்ட வேண்டியிருந்தது!

இவர் நடித்தவற்றில் உங்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது 1983இல் வந்த 'எல் நோர்ட்டே'. 'வடக்கு' என்று பொருள். கிறெகரி நாவா இயக்கியது. குவாத்தமாலாவில் 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. படத்தில் இராணுவம் தகப்பனைக் கொல்கிறது, தாயைப் பிடித்துக்கொண்டு போகிறது. எஞ்சிய அண்ணனும் தங்கையும் ஊரைவிட்டு ஓடி, மெக்சிக்கோவைக் கடந்து, எலிகள் நிறைந்த கழிவுநீர்க் குழாய்க்குள் தவழ்ந்து அமெரிக்காவுக்குள் நுழைகிறார்கள். தங்கையின் பெயர் றோசா. லொஸ் ஏஞ்சலிஸ் தையல் தொழிற்சாலையில் அவளுக்குக் கிடைக்கும் தோழி நாச்சாதான் நமது லூப்பே. குடிவரவு அதிகாரிகள் சுற்றிவளைத்ததும் இருவரும் தப்பி ஓடி, பணக்கார வீடுகளில் துப்புரவு வேலைக்குச் சேர்கிறார்கள். அங்கே சலவை இயந்திரத்தின் பொத்தான்களோடு மல்லுக்கட்டித் தோற்றுப்போன றோசா, உடுப்புகளைக் கையால் தோய்த்துப் புல்தரையில் வெயிலில் விரித்துவிடுகிறாள். சிரிப்பு வருகிறது, கூடவே தொண்டையும் அடைக்கிறது. அந்நிய ஊரில் முதலில் வந்தவள் பின்னால் வருபவளுக்கு வழிகாட்டுவதை லூப்பே நடிப்பதாகவே தெரியவில்லை. அவர் அதுவரை செய்துவந்த வேலையே அதுதானே!

எந்நேரமும் பணிப்பெண்ணாகவே நடித்து இனத்தின் பெயரைக் கெடுக்கிறார் என்ற மாதிரியான பேச்சை நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன். உழைக்கும் அந்தக் கைகளைத் திரையில் காட்டுவதில் தனக்குப் பெருமை என்று அவர் சொல்லியிருக்கிறார். நீதிபதியாகவும் நடிக்கவேண்டும் என்ற ஏக்கத்தையும் மறைக்கவில்லை. இரண்டையும் சொல்ல அவருக்கு உரிமை இருந்தது.

2000ஆம் ஆண்டில் 'சக் அண்ட் பக்' படத்தில் நாடக அரங்க முகாமையாளராக நடித்தார், பாராட்டும் கிடைத்தது. 2002இல் வந்த 'ரியல் விமின் ஹாவ் கேர்வ்ஸ்' படத்தில், படிக்கப் போக ஆசைப்படும் மகளைத் தையல் வேலையில் மறிக்கும் தாய் கார்மென். மகளின் உடம்பைக் குத்திக்காட்டிக்கொண்டே இருப்பாள். மகள் நியூயோர்க்குக்குப் புறப்படும் நேரத்திலும் அறையைவிட்டு வெளியே வரமாட்டாள். அவளை வெறுக்க முடியாதபடி நடித்திருக்கிறார் லூப்பே. சண்டான்ஸ் விழாவில் தாய்க்கும் மகளுக்கும் சேர்த்தே நடுவர்களின் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். மகளாக நடித்தவர் அமெரிக்கா ஃபெரேரா. 'அமெரிக்கா' என்பது அந்தப் பிள்ளையின் பெயர்தான்.

நடிகையான பிறகும் வீட்டு வன்முறை, எயிட்ஸ் தடுப்பு ஆகியவற்றுக்காக அவர் உழைப்பதை நிறுத்தவில்லை. 2012 யூலை 26ஆம் திகதி, 69 வயதில், ஈரல் புற்றுநோயால் காலமானார்.

லொஸ் ஏஞ்சலிஸில் வீட்டுவேலை செய்யும் மூன்று பெண்களைப் பின்தொடரும் 'மெய்ட் இன் அமெரிக்கா' என்ற ஆவணப்படம் 2005இல் வெளிவந்தது. அதில் வருபவர்கள் நடிகைகள் அல்ல, உண்மையான பணிப்பெண்கள். அவர்களின் கதையைச் சொல்லும் குரல் லூப்பேயினுடையது.